சைலேஜ் கட்டைக் காக்கா கொத்தாமல் காப்பது எப்படி

நறுக்கிய பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைத்ததுதான் சைலேஜ். மெஷினில் உருட்டிச் சுற்றி வரும் மக்காச்சோள சைலேஜ் கட்டுக்குக் காவல் மேலே சுற்றிய பிளாஸ்டிக் பிலிம் ஒன்றுதான். 25 மைக்ரான் பிலிம் இழுத்துச் சுற்றும்போது இன்னும் மெலியும். ஆறு சுற்று போட்டாலும் மொத்தக் கனம் 100 மைக்ரானைச் சற்றே தாண்டும். காக்கா அலகுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒரு கொத்தில் விழும் ஓட்டை மிளகு அளவுதான் இருக்கும். அது போதும். காற்று உள்ளே போனதும் அடங்கிக் கிடந்த ஈஸ்ட் கிளம்பி, தீவனத்தைப் பதமாக வைத்திருக்கும் லாக்டிக் அமிலத்தைத் தின்று சூடு கிளப்பும்; பின்னாலேயே பூஞ்சை பிடிக்கும். பல நாள் கழித்துக் கட்டைப் பிரிக்கும்போதுதான் பச்சையும் வெள்ளையுமாகத் தெரியும்.

முதலில் கொத்தியது பறவைதானா என்று பாருங்கள். கட்டின் மேல்பக்கத்திலும் தோள்பட்டையிலும், ஒரே இடத்தில் நாலைந்து முக்கோணக் கிழிசலாக இருந்தால் காக்கா அல்லது மைனா. தரையோரமாக, விளிம்பு கடிபட்ட வட்ட ஓட்டையும் வெளியே இழுத்துப் போட்ட துகளும் இருந்தால் எலி. அதற்கு வலை உதவாது. நீளநீளமாக இணைக் கோடுகள் என்றால் பூனை நகம், இல்லாவிட்டால் மயில் ஏறி நடந்தது.

காக்கா வருவது பிளாஸ்டிக்குக்காக அல்ல, சிந்திக் கிடக்கும் சோளத்துக்காக. கட்டுப் போடும் அன்று மெஷினைச் சுற்றிக் கொட்டும் நறுக்கலைக் கூட்டி அள்ளாமல், அதே களத்திலேயே கட்டுகளை அடுக்குவதுதான் நிறையப் பேர் செய்கிற தவறு. பொறுக்க வந்த கூட்டம் பொறுக்கி முடித்ததும் பக்கத்தில் இருப்பதைக் கொத்திப் பார்க்கும். பிலிம் மேல் ஒட்டிய மணியும் துகளும் அதற்கு அழைப்பு. கட்டு உருண்டு வெளியே வந்ததும் துணியால் ஒரு துடை. அடுக்கும் இடம் கட்டுப் போட்ட இடத்திலிருந்து குறைந்தது 20 மீட்டர் தள்ளி. அடுக்கிய முதல் வாரம்தான் கண்டம். வலையை 'நாளைக்குப் போடலாம்' என்று தள்ளாமல் அன்று சாயங்காலமே போட்டுவிடுங்கள்.

வேப்பமரம், புளியமரம், கரண்ட் கம்பி இவற்றின் அடியில் அடுக்க வேண்டாம். நிழல் நல்லதுதான், ஆனால் மேலே உட்கார இடம் இருந்தால் கீழே எச்சமும் கொத்தும் நிச்சயம். கட்டை உருளும் பக்கமாகப் படுக்க வைக்காமல், தட்டையான முகம் மேலும் கீழுமாக நிற்க வையுங்கள். தட்டை முகத்தில் பிலிம் சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பக்கங்களைவிடக் கனமாக இருக்கும். பறவை இறங்குவதும் அந்த முகத்தில்தான்.

வலை கட்டும் கணக்கு

வலையைக் கட்டின் மேல் நேராகப் போர்த்தினால் காசு தண்டம். காக்கா அலகு சுமார் 5 செ.மீ. நீளம், வலைக் கண்ணுக்குள் விட்டு அப்படியே கொத்தும். வலை ஏறிக் காலூன்ற வசதியாகவும் போய்விடும். மேலேயும் பக்கத்திலும் 30 செ.மீ. இடைவெளி கட்டாயம்.

சின்னக் கட்டு ஒன்று ஏறக்குறைய 55 செ.மீ. அகலம், அதே அளவு உயரம், 70 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். 50 கட்டை ஐந்துக்கு ஐந்தாக இரண்டு அடுக்கு வைத்தால் 2.75 மீட்டர் சதுரம், 1.1 மீட்டர் உயரம். இடைவெளி சேர்த்தால் 3.35 மீட்டர் சதுரம், 1.4 மீட்டர் உயரம். அதற்கு வேண்டியவை:

- 1.9 மீட்டர் சவுக்குக் கம்பு 4. ஒவ்வொன்றும் அரை மீட்டர் மண்ணுக்குள் போக வேண்டும்.
- நாலு ஓரத்துக்கும், குறுக்கே பெருக்கல் குறி போலவும் இழுத்துக் கட்ட ஜி.ஐ. கம்பி, சுமார் 25 மீட்டர்.
- 25 மி.மீ. கண் உள்ள பறவைத் தடுப்பு வலை, 7 மீட்டருக்கு 7 மீட்டர்.
- தரை விளிம்பைச் சுருட்டி அமுக்க 3.5 மீட்டர் மூங்கில் 4, பாதி மணல் நிரப்பிய சாக்கு 12.

7 மீட்டர் எப்படி வந்தது? மேலே 3.35, இரண்டு பக்கமும் இறங்க 1.4 வீதம் 2.8, தரையில் மடிக்கப் பக்கத்துக்கு ஒரு சாண். காக்கா, மைனா, மயில் மூன்றுக்கும் 25 மி.மீ. கண் போதும். சிட்டுக்குருவி உள்ளே புகுந்துவிடும், ஆனால் அது பிலிமைக் கிழிப்பதில்லை.

கம்பு உச்சியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஆணி அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆடிக் காற்றில் அந்த நாலு மூலையில்தான் வலை முதலில் கிழியும். குறுக்குக் கம்பியை முறுக்கேற்றி, வலையை உறுமி மேளம் போல விறைப்பாக இழுங்கள். தொய்ந்தால் மயில் உட்கார்ந்து கட்டுவரை இறக்கிவிடும். மூலைகளில் மிஞ்சும் வலையைக் கம்போடு சேர்த்து மடித்துக் கட்டுங்கள். கீழ் விளிம்பை மூங்கிலில் இரண்டு சுற்றுச் சுருட்டி, மேலே சாக்கு வையுங்கள். தரையில் தளர்ந்து கிடக்கும் நைலான் வலையில் சாரைப்பாம்பு சிக்கிச் சாகும். எலியைப் பிடிக்க வந்த நல்ல வேலைக்காரனைக் கொன்ற கதையாகும். மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது. கண்ணி, விஷம் எதுவும் கூடாது. வலையில் சிக்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பளபள ரிப்பன், பழைய சி.டி., பட்டாசு, சோளக்கொல்லைப் பொம்மை இவையெல்லாம் சில நாளைக்குத்தான். காக்காவுக்குப் பழகிவிடும், பொம்மை தலைமேலேயே உட்காரும். வலை வாங்கி வரும்வரை தாக்குப்பிடிக்க மட்டும் இவற்றை வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டை விழுந்துவிட்டால்

வாரம் இரண்டு முறை சுற்றிப் பாருங்கள், வெயில் ஏறுமுன். ஓட்டை தெரிந்தால் அன்றே அடைக்க வேண்டும். சுற்றிலும் ஒரு கை அகலத்துக்கு எச்சம், தூசி, ஈரம் போகத் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் வெயில் தாங்கும் சைலேஜ் டேப்பை ஒட்டுங்கள். ஓட்டையைத் தாண்டி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. ஏற வேண்டும். டேப்பை இழுத்து ஒட்டினால் சுருங்கி, ஓரம் எழும்பிவிடும். தளர வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். அட்டைப்பெட்டிக்கு ஒட்டும் பழுப்பு டேப் நம்ம ஊர் வெயிலில் சீக்கிரமே பொரிந்து உதிரும். பல இடத்தில் குதறிய கட்டுக்கு டேப் வீண். மேலே புது பிலிம் நாலு சுற்றுச் சுற்றுங்கள்.

ஒட்டுப் போட்ட கட்டில் சாக்பீஸால் தேதி எழுதி முன்வரிசைக்குக் கொண்டுவந்து, முதலில் அதையே பிரியுங்கள். கையை விட்டுப் பார்த்தால் சூடாக இருக்கிறதா, புளிப்பு வாசம் போய்ப் புழுக்க வாசம் அடிக்கிறதா, கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பூஞ்சை விரற்கடை அளவில் ஓட்டையருகே மட்டும் இருந்தால், சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எறியுங்கள். அதைத் தாண்டிப் போயிருந்தால், 70 கிலோ கட்டில் தேறுவது கொஞ்சம்தான். முழுவதையும் கழிப்பதே புத்திசாலித்தனம். சினை மாட்டுக்குச் சந்தேகத்துக்குரிய பகுதியைக் காட்டவே வேண்டாம், கரு கலையும் ஆபத்து உண்டு. பூஞ்சைத் தீவனத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்தால் பாலிலும் இறங்கும். பாலில் அதற்கு அனுமதி ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் மட்டுமே. கழித்ததை எருக்குழியில் போட்டு மண் மூடுங்கள். கட்டுப் பக்கத்தில் வீசினால் அதுவே அடுத்த கூட்டத்துக்கு விருந்து.

பிரித்த கட்டை இரண்டு மூன்று நாளில் முடித்தாக வேண்டும். நாளுக்கு 15 கிலோ வீதம் இரண்டு மாடு தின்றால் 70 கிலோ கட்டு இரண்டு நாள் சொச்சத்துக்கு வரும். ஒரு மாடு மட்டும் இருந்தால் பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டுக்கொள்வது நல்லது. பிரித்ததைத் தார்ப்பாய் போர்த்திக் கொட்டகைக்குள் வையுங்கள்.

குழி சைலேஜுக்குத் தொல்லை பெரும்பாலும் மயிலால்தான். மேல்மண்ணைக் கீறி, குழியை மூடிய பிளாஸ்டிக் பாயைக் கிழிக்கும். மண்மேல் பழைய டயரை நெருக்கி அடுக்கி, அதன் மேல் 50 சதவீத நிழல்வலையை இழுத்துக் கட்டினால் கால் எட்டாது. வைக்கோல் போரில் பறவை தேடுவது ஒட்டிய நெல்லை. களத்தில் இன்னொரு தரம் உதறி அடித்துப் போட்டாலே பாதித் தொல்லை குறையும். மீதிக்குப் போரின் கூம்பு முடிக்கு மட்டும் வலை போட்டு, வைக்கோல் பிரியில் கல் கட்டித் தொங்கவிடுங்கள். முடி கலைந்தால் ஐப்பசி மழை நேராக உள்ளே இறங்கி, நடுப்போர் வரை கறுத்துவிடும்.