கடலோர நகரைச் சுற்றி ஒளிப்படத்துக்கு ஏற்ற இடங்களைக் கண்டறிவது எப்படி?

ஒளிப்படத்துக்கு ஏற்ற வெளியிடங்களைத் தேடுபவர்கள் பெரும்பாலும் "எங்கே போகலாம்?" என்றுதான் தொடங்குகிறார்கள். பிரிஸ்பேன், டர்பன், ஹாங்காங் போன்ற துணை வெப்பமண்டலக் கடலோர நகரங்களில் அது பாதிக் கேள்விதான். ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்றவற்றம்) வற்றிய விடியலில், காற்று அடங்கிக் கிடக்கும்போது வானத்தை முழுதாக ஏந்தி நிற்கும் பாறைக்குட்டைகள் நிறைந்த ஒரு கரை, அதே நாள் நண்பகலில் நீர் ஏறி வெயில் உச்சியில் நிற்கும்போது வெறும் நுரையும் கண்கூச்சமுமாக மாறிவிடுகிறது. அந்தக் கரை எந்தத் திசையை நோக்குகிறது, எந்த மாதத்தில் எந்த நேரத்தில் அங்கே ஒளி விழுகிறது, அப்போது நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நிலப்படத்தில் உள்ள புள்ளி ஒளிப்படக்காரருக்கு ஓர் இடமாகிறது. பிறர் தரும் பட்டியல்கள் புள்ளியை மட்டும் காட்டிவிட்டு இந்த மூன்றையும் சொல்லாமல் விடுவதால், அவற்றை நம்பிப் போய் வெறுங்கையோடு திரும்புவது சாதாரணமாக நடக்கிறது.

திசையிலிருந்து தொடங்குங்கள்

முதலில் நகரின் கரை எத்திசையை நோக்குகிறது என்று பாருங்கள். ஈரப்பதம் மிகுந்த துணை வெப்பமண்டல நகரங்களில் பல, கண்டங்களின் கிழக்குக் கரையில் அமைந்திருக்கின்றன. அங்கே கதிரவன் கடலிலிருந்து எழுந்து நிலத்துக்குப் பின்னால் மறைகிறது. ஆகவே அலையும் அடிவானமும் கொண்ட படங்கள் காலைக்குரியவை. மாலையில் கடலுக்கு முதுகைக் காட்டி, ஆற்றையோ மலையையோ நகரின் மேற்கு முகத்தையோ பார்க்க வேண்டும். ஆனால் கரைகள் நேர்கோடாக ஓடுவதில்லை. கிழக்கு நோக்கிய கரையிலும் வடக்குத் தெற்காக நீளும் ஒரு மணல்திட்டுக்குப் பின்னால் காயலோ கழிமுகமோ இருந்தால், அந்த மணல்திட்டின் உட்பக்கக் கரையில் நின்று நீர்ப்பரப்பின் மேல் சூரியன் மறைவதைப் படமெடுக்க முடியும். வளைகுடாக்களின் தலைப்பகுதி, கடலுக்குள் நீண்ட பாறைமுனைகளின் மறுபக்கம், ஆறு திடீரெனத் திரும்பும் கொண்டை வளைவுகள் ஆகியவற்றையும் இதே கண்ணோடு தேடலாம். செயற்கைக்கோள் படத்தில் அரைமணி நேரம் செலவிட்டால் இத்தகைய ஐந்தாறு இடங்கள் கிடைத்துவிடும்.

அடுத்தது மாதம். பிரிஸ்பேன் அமைந்துள்ள 27.5 பாகை அட்சரேகையை எடுத்துக்கொண்டால், மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில் நேர் கிழக்கில் எழும் சூரியன், ஜூன் இறுதியில் அதிலிருந்து சுமார் 27 பாகை வடக்கே தள்ளியும், டிசம்பர் இறுதியில் அதே அளவு தெற்கே தள்ளியும் எழுகிறது. மொத்தம் 53 பாகை ஊசலாட்டம். டிசம்பரில் திறந்த கடலிலிருந்து எழுகிற சூரியன் ஜூனில் ஒரு குன்றின் முதுகுக்குப் பின்னால் எழக்கூடும் என்பதால், "இங்கே விடியல் அழகாக இருக்கும்" என்ற குறிப்பு மாதம் சேர்க்கப்படாவிட்டால் பயனற்றது. ஃபோட்டோபில்ஸ் போன்ற செயலிகள் எந்த நாளுக்கும் சூரிய, சந்திர உதயத் திசையை நிலப்படத்தின் மேல் கோடாக வரைந்து காட்டுகின்றன. கூகுள் எர்த்தில் மலைகளின் உயரத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.

இந்த அட்சரேகைகளில் பொன்னொளி நீடிக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சம இரவு நாட்களை ஒட்டி சூரியன் மணிக்கு ஏறத்தாழ 13 பாகை மேலேறுகிறது. அடிவானத்திலிருந்து 6 பாகை உயரும்வரை கிடைக்கும் மென்மையான ஒளி அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முந்தைய நீல வெளிச்சமும் சுமார் 25 நிமிடங்கள்தான். குளிர்நாட்டு ஒளிப்படக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் வரும் நீண்ட, சாவகாசமான அந்திப்பொழுதை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். சூரிய உதயத்துக்கு 45 நிமிடங்கள் முன்னதாக முக்காலியை ஊன்றியிருக்க வேண்டும் என்றால், இருட்டிலேயே நடந்து சேரக்கூடிய பாதையும் அந்த இடத்துக்கு இருக்க வேண்டும். பிரிஸ்பேனில் கோடை உச்சத்தின் நண்பகலில் சூரியன் 86 பாகை உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. குளிர்காலத்தின் நடுவில், ஜூன் இறுதியில், அது சுமார் 39 பாகையோடு நின்றுவிடுகிறது. அதனால் குளிர்காலத்தில் முற்பகல் முழுவதும் பாறைகளின் மடிப்பும் மணலின் வரிகளும் நிழலோடு எடுப்பாகத் தெரியும். என்னைக் கேட்டால், இத்தகைய நகரங்களில் கரையோரத்தைச் சுற்றிப் பார்க்க ஏற்ற பருவம் அதுவே.

ஓதத்தைப் படித்தல்

கடலோர ஒளிப்படத்தில் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவது ஓதம்தான். பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடங்கள் ஆகின்றன. எனவே நேற்று ஆறு மணிக்கு வற்றிய நீர் இன்று ஏழு மணிக்குச் சற்று முன்புதான் வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் அவற்றுக்கு ஓரிரு நாள் கழித்தும் ஏற்றமும் வற்றமும் மிகுந்திருக்கும். அரைநிலா நாட்களை ஒட்டி இரண்டும் குறுகிவிடும்.

இதிலிருந்து ஒளிப்படக்காரருக்கு மட்டுமே பெரிதாகப் பயன்படும் ஓர் உண்மை கிடைக்கிறது. நாளுக்கு இருமுறை ஓதம் ஏறி இறங்கும் கரைகளில், பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர் மிக ஆழமாக வற்றுவது ஒவ்வொரு முறையும் கடிகாரத்தில் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் நிகழ்கிறது. சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் வரும் நாட்களில்தான் அந்தப் பெரிய ஓதம் உண்டாகிறது. அப்போது சூரியனைப் பொறுத்துச் சந்திரன் நிற்கும் நிலை மாறுவதில்லை என்பதே இதற்குக் காரணம். ஒரு கரையில் அது காலை ஆறு மணியை ஒட்டி வருமானால், அந்தக் கரை விடியற்படங்களுக்கென்றே வாய்த்தது; ஏறத்தாழ 15 நாட்களுக்கு ஒருமுறை பாறைத்தளம் முழுவதும் உதய ஒளியில் வெளிப்பட்டுக் கிடக்கும். மாறாக அது நண்பகலை ஒட்டி வந்தால், பெரிய ஓத நாட்களின் விடியலில் நீர் ஏறி நிற்கும். விடியலில் நீர் வற்றுவது அரைநிலா நாட்களில் மட்டுமே, அதுவும் அரைகுறையாகத்தான் இருக்கும். ஓத அட்டவணையில் இரண்டு மாதங்களைப் புரட்டிப் பார்த்து இதை ஒருமுறை குறித்துக்கொண்டால், அந்தக் கரைக்கு எப்போது போவது என்ற கேள்வி ஆண்டுக்கணக்கில் எழாது. நான் இதை அறியாமல் ஒரே பாறைமுனைக்கு நான்கு முறை போய், நான்கு முறையும் அது நீருக்கடியில் கிடக்கக் கண்டேன்.

எந்தக் காட்சிக்கு எந்த ஓதம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அகன்ற தட்டையான மணற்கரையில், நீர் வற்றத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரம் சிறந்தது. அப்போது காலடிகள் அழிந்த ஈரமணல் கண்ணாடிபோல வானத்தைக் காட்டும். பாறைக்குட்டைகளுக்கு முழு வற்றம் வேண்டும். அலை மோதிச் சிதறும் காட்சிக்கு நடுத்தர ஏற்றமே ஏற்றது, ஆனால் அதைத் தூரத்திலிருந்து டெலிஃபோட்டோ லென்ஸால் எடுப்பதே விவேகம். பாறையில் இறங்கும் முன் குறைந்தது பதினைந்து நிமிடங்கள் கடலைச் சும்மா நின்று கவனியுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக, நீண்ட இடைவெளிவிட்டு வருவதால் முதல் ஐந்து நிமிட அமைதியை நம்பக்கூடாது. ஈரமாகவும் கருமையாகவும் தெரியும் பாறை அலை எட்டும் பாறை. அதிலுள்ள பாசி வழுக்கும். நீர் ஏறுகிற நேரத்தில் திரும்பும் வழி துண்டிக்கப்படுமா என்பதையும் போகும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

காற்றும் இதில் சேரும். வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட விரைவாகச் சூடாவதால், முற்பகலின் பிற்பாதியில் கடற்காற்று எழுந்து நீர்ப்பரப்பைக் கலைத்துவிடும். காயலிலோ துறைமுகத்திலோ அசையாத பிரதிபலிப்பு வேண்டுமென்றால் காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

கடற்கரைக்கு அப்பால்

அலையாத்திக் காடுகளைப் பலர் சேற்றுநிலம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் இந்த நகரங்களுக்கே உரிய நிலக்காட்சி அதுதான். சேற்றிலிருந்து விரல்கள்போல் நிமிர்ந்து நிற்கும் வெண்கண்டலின் மூச்சுவேர்களும், வில்லாக வளைந்து இறங்கும் சுரபுன்னையின் முட்டுவேர்களும் நீர் வற்றும்போது முழுதாகத் தெரியும். நீர் பாதி ஏறி அசையாமல் நிற்கும்போது ஒவ்வொரு முட்டுவேரும் தன் பிம்பத்தோடு சேர்ந்து முழு வளையமாகிவிடும். மூச்சுவேர்களின் மேல் மிதிப்பது மரத்துக்குக் கேடு என்பதால், பலகைப் பாதை போடப்பட்ட காடுகளையே தேர்ந்தெடுங்கள்.

இத்தகைய சேற்றுவெளிகள் வலசைப் பறவைகளுக்கும் உணவிடங்கள். பிரிஸ்பேனை ஒட்டிய மோர்ட்டன் வளைகுடாவும் ஹாங்காங்கின் மாய் போ சதுப்புநிலமும் கிழக்காசிய-ஆஸ்திரலேசியப் பறவைப்பாதையில் உள்ள ராம்சர் தலங்கள், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்தவை என்று பட்டியலிடப்பட்ட ஈரநிலங்கள். இங்கே ஓதக் கணக்கு தலைகீழாகிறது. நீர் வற்றும்போது பறவைகள் தொலைவிலுள்ள சேற்றுவிளிம்பில் சிதறிக் கிடக்கும்; நீர் ஏற ஏற அவை தாமாகவே கரையை நெருங்கிக் கூடும். ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய் அமர்ந்துவிட்டால் அவற்றைத் துரத்த வேண்டியதில்லை. பறவைகள் தலைநிமிர்த்திப் பார்க்கத் தொடங்கினால் நாம் மிக அருகே வந்துவிட்டோம் என்று பொருள்.

நகரை முழுதாகப் பார்க்கும் உயரங்கள் எளிதில் தெரிந்துவிடும். ஹாங்காங்கின் விக்டோரியா சிகரம், பிரிஸ்பேனின் கூட்-தா மலை ஆகியவற்றுக்கு யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது காற்றின் தெளிவு. ஈரப்பதமும் உப்புத்துகளும் சேர்ந்த மங்கல், கோடையில் தொலைவுக் காட்சியை வெளுத்துவிடும். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையே மலையேற உகந்த நாள்.

கடலிலிருந்து வரும் ஈரக்காற்று நகருக்குப் பின்னாலுள்ள மலைச்சரிவில் மோதி மழையாவதால், அங்கே மழைக்காட்டுப் பள்ளத்தாக்குகளும் சிற்றருவிகளும் இருக்கும். கடற்கரையில் படமே எடுக்க முடியாத மேகமூட்ட நாட்கள்தான் அவற்றுக்கான நாட்கள். வெயிலில் இலைகளின் மேல் வெள்ளைத் திட்டுகளும் அடியில் கரிய இருளுமாகச் சிதறும் காட்சி, மேகத்தின் கீழ் ஒரே சீராகப் படியும். போலரைசர் வடிகட்டியைத் திருப்பி ஈர இலைகளின் பளபளப்பைக் குறைத்தால் பச்சை ஆழப்படும்.

நிலவும் இடிமேகமும்

கிழக்குக் கரை நகரங்களுக்கு வாய்த்த பெரும் வசதி, பௌர்ணமியை ஒட்டிய மாலைகளில் நிலா கடலிலிருந்து எழுவது. பௌர்ணமிக்கு முந்தைய நாள் அதைவிடச் சிறந்தது. அன்று நிலா பெரும்பாலும் சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே எழுந்துவிடுவதால், நிலத்தின் மேலும் வெளிச்சம் எஞ்சியிருக்கும். கலங்கரை விளக்கத்தின் அளவுக்குப் பெரிதாக நிலா தெரிய வேண்டுமானால், நிலா வானில் பிடிப்பது அரைப் பாகை அகலம் மட்டுமே என்பதை வைத்துக் கணக்கிடலாம். பொருளின் உயரத்தைப்போல் சுமார் 110 மடங்கு தொலைவில் நிற்க வேண்டும். 30 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கத்துக்கு அது ஏறத்தாழ 3.3 கிலோமீட்டர். அந்தத் தொலைவில், நிலா எழும் திசைக்கு நேர் எதிரே, மறைப்பில்லாத ஒரு கரையோ பாலமோ உண்டா என்று நிலப்படத்தில் தேடுவது, இந்த வேலையிலேயே சுவையான பகுதி என்பேன்.

பிரிஸ்பேன் போன்ற இடங்களில் கோடைப் பிற்பகல்களில் உள்நாட்டு மலைகளில் திரளும் இடிமேகங்கள் கடலை நோக்கி நகர்கின்றன. அவை நகரைக் கடந்து கடலுக்குப் போனபின் மேற்கு வானம் திறந்துகொண்டால், தாழ்ந்த சூரியன் கிழக்கே நிற்கும் மேகச்சுவரை முழுதாக ஒளியூட்டும். சூரியன் 42 பாகைக்குக் கீழே இருந்தால்தான் தரையிலிருந்து பார்ப்பவருக்கு வானவில் தெரியும். கோடையில் அது சூரியன் உச்சியைக் கடந்து மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகே. இதற்காக, கிழக்கே கடலை நோக்கிய, ஆனால் கூரையுள்ள ஓரிடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போது திறந்த கரையில் முக்காலியோடு நிற்பது உயிரோடு விளையாடுவது.

ஒத்திகையும் குறிப்பேடும்

புதிய இடத்துக்கு முதன்முறை பெரிய பையோடு போக வேண்டாம். நடுப்பகலில், கைப்பேசியை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். வாயிற்கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, முக்காலிக்கு அனுமதி உண்டா, ஆமைகள் முட்டையிடும் கரையாக இருந்து இரவில் விளக்கு தடைசெய்யப்பட்டுள்ளதா என்பவை அப்போதுதான் தெரியும். பத்து அடி இடமோ வலமோ நகர்ந்து, முழங்கால் உயரத்திலும் ஒருமுறை பார்த்து, நின்ற இடத்தைப் படத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்து ஈரக்காற்றுக்கு வந்தவுடன் லென்ஸில் பனி படர்வதால், கேமராவைக் காற்றுப் புகாத பையில் வைத்தே அரைமணி நேரம் வெளியே விட வேண்டும். இல்லையேல் அந்த 25 நிமிட நீல வெளிச்சம் துடைப்பதிலேயே போய்விடும். வீடு திரும்பியதும் முக்காலியின் கால்களை நன்னீரில் கழுவி, கேமராவை ஈரத்துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் உப்பரிப்பும் லென்ஸ் பூஞ்சையும் குறையும்.

குறிப்பேட்டில் ஒவ்வோர் இடத்துக்கும் திசை, உகந்த மாதங்கள், ஓத நிலை, காற்று, நடைநேரம் ஆகியவற்றை எழுதிவந்தால், முதல்நாள் மாலை வானிலை அறிவிப்பையும் ஓத அட்டவணையையும் பார்த்தவுடன் மறுநாள் எங்கே போவது என்பது தெளிவாகிவிடும். கழிமுக மணல்திட்டுகளை மட்டும் பழைய குறிப்பை நம்பி அணுகாதீர்கள். ஒரு பெரும்புயலுக்குப் பின் அவை இடம் மாறிவிடும் என்பதால், அந்தப் பக்கத்தைப் பென்சிலால் எழுதி வைப்பது நல்லது.