எடை குறைக்கப் போறீங்களா? முதலில் மனதில் உள்ள கணக்கைச் சரிபாருங்கள்

தை மாதக் குளிரில் வேலூர் கோட்டையைச் சுற்றி நடக்க வருகிற கூட்டம் பங்குனி வந்தால் குறைந்துவிடும். வெயில்தான் காரணம் என்பார்கள். என்னைக் கேட்டால், வெயிலைவிட "மாசம் பத்து கிலோ" என்று மனதில் போட்டு வைத்த கணக்குதான் அதிகம் பேரை வீட்டில் உட்கார வைக்கிறது.

அமெரிக்காவில் 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு வந்த 60 பெண்களிடம் எவ்வளவு குறைந்தால் திருப்தி என்று முன்கூட்டியே கேட்டிருக்கிறார்கள். 17 கிலோ குறைந்தால்கூட ஏமாற்றம்தான் என்பது அவர்கள் பதில். 48 வாரத்தில் சராசரியாகக் குறைந்தது 16 கிலோ! அது எவ்வளவு பெரிய வெற்றி, ஆனால் பாதிப் பேருக்கு அது தோல்வியாகத் தெரிந்திருக்கும். பெரிய ஆசையே தப்பு என்று சொல்லவில்லை, ஆசை பெரிதாக இருந்தும் நன்றாகக் குறைத்தவர்கள் உண்டு. அது ஒரு பக்கம் இருக்கட்டும், பக்கத்திலேயே இன்னொரு எண்ணையும் எழுதுங்கள்: இப்போதைய எடையில் 5 சதவீதம். 80 கிலோ என்றால் 4 கிலோ, அதுவும் மூன்று நான்கு மாதத்தில். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் இதுவே நல்லது செய்யத் தொடங்கும்.

அப்புறம் முதல் வாரத்தை நம்பாதீர்கள். சோறு, இட்லியைக் குறைத்ததும் சட்டென்று இரண்டு கிலோ இறங்கலாம். உடம்பில் சேமித்திருந்த மாவுச்சத்தும் அதோடு சேர்ந்திருந்த தண்ணீரும்தான் பெரும்பாலும் போயிருக்கும், கொழுப்பு அவ்வளவு வேகமாகக் கரையாது. மூன்றாவது வாரம் முள் நகராமல் நின்றால் பயப்பட வேண்டாம், வாரம் ஒரே நாள், காலையில் காபிக்கு முன்னால் மட்டும் எடை பாருங்கள், இன்ச் டேப்பால் இடுப்பையும் அளந்து எழுதுங்கள். எடை நிற்கும்போதும் இடுப்பு இறங்குவது உண்டு.

சறுக்கலையும் எதிர்பார்த்தே தொடங்குங்கள். கல்யாணத்தில் ஆம்பூர் பிரியாணி வரத்தான் செய்யும், சாப்பிடுங்கள், அதற்காக ராத்திரி பட்டினி கிடக்காமல் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்புங்கள். "இன்னாப்பா, தினம் நடக்கறே, அப்படியேதானே கீறே" என்று யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு உங்கள் இடுப்பளவு தெரியாது, விடுங்கள்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரிடம் மருந்தளவைக் கேட்டுவிடுங்கள், பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.