கேம்பர் வேனில் மெத்தைக்கு அடியில் ஈரம்: நான் சரிசெய்த விதம்

கிராமத்து வீட்டைப் புதுப்பித்து முடிக்கும்வரை, பக்கத்திலேயே நிறுத்தியிருந்த, படுக்கையும் அடுப்பும் உள்ள சிறிய கேம்பர் வேனில்தான் குடியிருந்தோம். தூசியும் இடநெருக்கடியும் பழகிவிட்டன. குளிர்காலத்து ஈரம்தான் பெரிய தொல்லை. காலையில் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும். மெத்தையைத் தூக்கினால் அடியில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை.

கூரை ஒழுகுகிறதோ என்று முதலில் தேடினேன். மழையில்லாத நாட்களிலும் ஈரம் இருந்ததால் அது இல்லை என்று புரிந்தது. தண்ணீர் உள்ளிருந்தேதான் வந்தது: எங்கள் மூச்சு, காயப்போட்ட துணி, சமையல் ஆவி, அப்புறம் கேஸ் அடுப்பு. அடுப்பில் ஒரு கிலோ புரொப்பேன் கேஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகும். வேனின் குளிர்ந்த தகட்டைத் தொட்டதும் அது நீராகிவிடும்.

மெத்தைக்கு அடியிலிருந்த பிளைவுட் பலகையை எடுத்துவிட்டு, இடைவெளி விட்டு மரச்சட்டங்களை அடித்தேன். பக்கச்சுவரிலிருந்தும் மெத்தையை இரண்டு விரல் தள்ளி வைத்தேன். செய்ததிலேயே அதிகப் பலன் கொடுத்தது இதுதான். மெத்தைக்கு அடியில் காற்று ஓடினால் பூஞ்சைக்குப் பிழைப்பில்லை! சமைக்கும்போது கூரை விசிறியை ஓடவிட்டு, ஒரு ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைத்தோம். துணி உலர்த்துவதை, கூரை வேலை முடிந்த அறைக்கு மாற்றினோம். ஈரப்பதமானி பெரும்பாலும் 60 சதவீதத்துக்குக் கீழேயே நின்றது.

குளிருக்குப் பயந்து காற்றுத்துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். கேஸ் எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு சேரலாம். அதற்கு வாசனை கிடையாது. அதைக் கண்டறியும் ஒரு அலாரம் கட்டாயம் மாட்டுங்கள்.