கார் சார்ஜிங்குக்கு எக்ஸ்டென்ஷன் ஒயர்: முதலில் உருகுவது முனைதான்

மின்சாரக் காரோடு வரும் 15 ஆம்ப்ஸ் சார்ஜரை எக்ஸ்டென்ஷனில் மாட்ட வேண்டாம் என்றுதான் பெரும்பாலான கார் கையேடுகள் சொல்கின்றன. மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்து, கார் நிற்கும் இடத்திலேயே ஒரு பவர் பாயிண்ட் வைப்பதுதான் சரி. ஆனால் வாடகை வீடு, வேலூர் சத்துவாச்சாரி சந்துகளில் வாசலுக்கு வெளியே நிற்கும் கார், வெளியூரில் ஓரிரு இரவு என்று வந்தால் ஒயர் இல்லாமல் முடியாது. அப்போதும் கடையில் தொங்கும் நாலு பாயிண்ட் பாக்ஸ் வேண்டாம். ஒயரும், அதன் இரு முனைகளுக்கான பிளக்கும் சாக்கெட்டும் தனித்தனியாக வாங்கி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

கீசரும் கிட்டத்தட்ட இதே கரண்ட்டைத்தான் எடுக்கும், ஆனால் தண்ணீர் சுட்டதும் தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும். காரோ 230 வோல்ட்டில் 15 ஆம்ப்ஸ், அதாவது சுமார் 3.4 கிலோவாட்டை எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும்.

ஒயர்: ஐஎஸ்ஐ முத்திரையுள்ள 3 கோர் செம்பு ஃப்ளெக்ஸிபிள். 10 மீட்டர் வரை 2.5 ஸ்கொயர் எம்எம், 20 வரை 4. அதற்கு மேல் நீட்டாதீர்கள். 10 மீட்டர் ஒயரில் 1 ஸ்கொயர் என்றால் 90 வாட் அளவுக்குச் சூடாக வீணாகும், 2.5 என்றால் 36, 4 என்றால் 22. வாங்கும்போது ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுங்கள்.

நல்ல ஒயரிலும் கெடுவது முனைதான். ஸ்க்ரூ சரியாக முறுகாத இடத்தில் 0.1 ஓம் தடை வந்தாலே, 15 ஆம்ப்ஸில் அந்த ஒரு புள்ளியில் 22 வாட் சூடு. சின்ன சால்டரிங் அயர்னை பிளக்குக்குள் வைத்த மாதிரி. அதனால் கெட்டிப் பித்தளைப் பின் உள்ள 16 ஆம்ப்ஸ் பிளக் டாப், அந்தப் பக்கம் ஒரே ஒரு 16 ஆம்ப்ஸ் சாக்கெட். 6 ஆம்ப்ஸும் 16 ஆம்ப்ஸும் சேர்ந்து போகும் காம்போ சாக்கெட் கூடவே கூடாது. 6 ஆம்ப்ஸ் பின் 5 மி.மீ., 16 ஆம்ப்ஸ் பின் 7 மி.மீ.; இரண்டுக்கும் வளைந்து கொடுக்கும் தகடு நாளடைவில் எதையும் இறுக்கிப் பிடிக்காது. இழைகளின் நுனிக்கு லக் (உலோகக் குப்பி) போட்டு கிரிம்ப் செய்யச் (அழுத்தி இறுக்கச்) சொல்லுங்கள், ஈயம் வைக்கவேண்டாம். ஈயம் ஸ்க்ரூ அழுத்தத்தில் மெல்ல நசுங்கி லூஸாகும். 4 ஸ்கொயர் ஒயர் தடிமனானது, பிளக் டாப்பின் வாய்க்குள் நுழைகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். வெளி ரப்பரை கிளாம்ப் பிடித்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் வெறும் கோர்களில் (தனித்தனி ஒயர்களில்) பிடிமானம் இருந்தால் ஒரு இழுப்பில் எர்த் கழன்றுவிடும்.

மாட்டும் பாயிண்ட்டுக்கு 16 ஆம்ப்ஸ் எம்சிபியும் (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். எர்த் சரியில்லை என்று சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டினால், நியூட்ரலையும் எர்த்தையும் பாயிண்ட்டில் சேர்த்து 'சரிசெய்து' தருகிறவர்கள் உண்டு. நியூட்ரல் அறுந்த நொடியே கார் பாடி முழுக்க கரண்ட் ஏறும். எர்த் குழி காய்ந்துபோயிருந்தால் தண்ணீர் ஊற்றி, ஜாயிண்ட்டைச் சுத்தம் செய்து, மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வேலூர்ப் பாறை மண்ணில் கோடையில் இது அடிக்கடி வரும் தொல்லை.

ஒயரைச் சுருட்டி வைத்து சார்ஜ் போடாதீர்கள், முழுவதும் விரித்துப் போடுங்கள். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மதியம் சிமெண்ட் தரையில் கிடக்கும் பிவிசி ஒயருக்குச் சூடு வெளியேற வழியே இருக்காது, இரவு போடுங்கள். கேட்டுக்கு அடியில் நசுங்காமலும், சாக்கெட் தரையில் கிடந்து நனையாமலும் பாருங்கள்.

முதல் நாள், அரை மணி நேரம் ஓடியதும் இரு முனைகளையும் புறங்கையால் தொடுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டாலோ கருகல் நாற்றம் வந்தாலோ உடனே எம்சிபியை இறக்குங்கள். காரிலோ சார்ஜரிலோ 10 ஆம்ப்ஸுக்குக் குறைக்கும் வசதி இருந்தால், எக்ஸ்டென்ஷன் போடும்போது அதையே வைத்துக்கொள்ளுங்கள்: நேரம் ஒன்றரை மடங்காகும், முனையில் ஏறும் சூடு பாதிக்கும் கீழே இறங்கும்.