பிடித்த கிளாசிக் ராக் ஆல்பங்களுக்கு வாக்கெடுப்பு நடத்துவது எப்படி? பரிந்துரை முதல் முடிவு வரை

பதினைந்து இருபது ராக் ரசிகர்கள் சேர்ந்து ஆளுக்குச் சில ஆல்பங்களைப் பரிந்துரைத்து, எல்லாவற்றையும் கேட்டு, வாக்களித்து ஒரு பட்டியல் போடுவது பார்க்க எளிய வேலை. சண்டை வருவது முடிவு அறிவித்த பிறகுதான். "லைவ் ஆல்பத்தை எப்படிச் சேர்த்தீர்கள்?", "அது எழுபதுகளின் ஆல்பமே இல்லையே!" என்று ஆரம்பிக்கும். இவை எல்லாமே பரிந்துரை தொடங்கும் முன் எழுதியிருக்க வேண்டிய விதிகள். பாதி வழியில் விதியை மாற்றினால், யாரோ ஒருவருடைய ஆல்பத்தை வெளியே தள்ள மாற்றியதாகத்தான் தெரியும். அதனால் இந்த விளக்கத்தில் விதிகளுக்கே அதிக இடம்.

படி 1: எந்த ஆல்பம் தகுதி பெறும்?

முதலில் கால எல்லை. 'கிளாசிக் ராக்' என்பது இசைக்கலைஞர்கள் வைத்துக்கொண்ட பெயர் அல்ல. பழைய ராக் பாடல்களை ஒலிபரப்பிய அமெரிக்க வானொலி நிலையங்கள் 1980களில் பரப்பிய பெயர். அதற்குத் திட்டமான எல்லை கிடையாது, நீங்கள்தான் போட வேண்டும். 1965 முதல் 1984 வரை என்று வைத்தால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். பங்க், ஹெவி மெட்டல் சேருமா என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். பிளாக் சபாத்தின் 'பேரனாய்ட்' (1970) பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் வந்தால் பாதிப்பேர் முகம் சுளிப்பார்கள்.

எந்த நாட்டில் முதலில் வெளியானதோ அந்தத் தேதிதான் கணக்கு என்றும் எழுதுங்கள். தி கிளாஷின் 'லண்டன் காலிங்' பிரிட்டனில் 1979 டிசம்பரிலும் அமெரிக்காவில் 1980 ஜனவரியிலும் வந்தது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அதை எண்பதுகளின் சிறந்த ஆல்பமாகவே தேர்ந்தெடுத்தது. எல்லையை 1979இல் வைத்திருந்தால் இந்த ஒரு ஆல்பத்துக்காகவே ஒரு வாரம் வாதம் நடக்கும்.

அடுத்தது ஆல்பத்தின் வகை. தொகுப்பு ஆல்பங்களை, அதாவது 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' வகையை, யோசிக்காமல் விலக்குங்கள். ஈகிள்ஸின் 1976 தொகுப்பு எவ்வளவு விற்றிருந்தாலும் அது 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வோடு போட்டியிடுவது நியாயம் இல்லை. மேடைக் கச்சேரியைப் பதிவு செய்த லைவ் ஆல்பங்கள்தான் தலைவலி. டீப் பர்பிளின் 'மேட் இன் ஜப்பான்', ஆல்மன் பிரதர்ஸின் 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' இரண்டும் இல்லாத பட்டியலைப் பல ரசிகர்கள் பட்டியலாகவே மதிக்க மாட்டார்கள். அவற்றுக்குத் தனி வாக்கெடுப்பு வைப்பதே நல்லது. ஆனால் இடைப்பட்டவை உண்டு: ஜாக்சன் பிரவுனின் 'ரன்னிங் ஆன் எம்ப்டி' (1977) மேடையிலும் ஹோட்டல் அறைகளிலும் டூர் பஸ்ஸிலும் பதிவானது. நீல் யங்கின் 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' (1979) பெரும்பகுதி மேடைப் பதிவு, கூட்டத்தின் சத்தத்தைப் பெரும்பாலும் நீக்கிவிட்டார்கள். இவற்றுக்கு ஒரே வரியில் விதி போடலாம்: பாடல்கள் அந்த ஆல்பத்தில்தான் முதன்முதலாக வெளிவந்தன என்றால் ஸ்டுடியோ ஆல்பமாகக் கொள்க. கிரீமின் 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' (1968) போல ஒரு தட்டு ஸ்டுடியோ, ஒரு தட்டு லைவ் என்று வந்தவற்றை அப்படியே அனுமதித்துவிடுங்கள்.

படி 2: எந்தப் பதிப்பு?

புதிதாக நடத்துகிறவர்கள் தவறாமல் விட்டுவிடும் இடம் இது. அறுபதுகளில் ஒரே ஆல்பம் பிரிட்டனில் ஒரு பாடல் வரிசையோடும் அமெரிக்காவில் வேறொன்றோடும் வரும். பீட்டில்ஸின் 'ரிவால்வர்' (1966) பிரிட்டனில் 14 பாட்டு, அமெரிக்காவில் 11. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட்' (1967) பிரிட்டிஷ் பதிப்பில் 'பர்பிள் ஹேஸ்' கிடையாது, அமெரிக்கப் பதிப்பில் 'ரெட் ஹவுஸ்' கிடையாது. ஒருவர் ஒன்றைக் கேட்டு, இன்னொருவர் மற்றதைக் கேட்டு வாக்களித்தால் இருவரும் வேறு வேறு ஆல்பத்துக்கு வாக்களித்த மாதிரிதான்.

ஏசி/டிசி விஷயம் இதைவிட மோசம். 'ஹை வோல்டேஜ்' என்ற பெயரில் 1975இல் ஆஸ்திரேலியாவில் ஒன்று, 1976இல் மற்ற நாடுகளுக்கு ஒன்று. இரண்டுக்கும் பொதுவான பாட்டு இரண்டே இரண்டு. இவற்றை இரண்டு ஆல்பங்களாகவே பதிவு செய்யுங்கள். மற்றபடி, இசைக்குழுவின் சொந்த நாட்டில் வந்த பதிப்பே மூலம் என்று வைத்துக்கொள்வது வசதி. ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்கர், அந்த ஆல்பம் லண்டனில் பதிவாகி முதலில் பிரிட்டனில் வந்தது. இந்த மாதிரி நேரத்தில் முதலில் வெளியான பதிப்பு என்ற விதி கைகொடுக்கும்.

பெயர்க் குழப்பமும் உண்டு. பீட்டர் கேப்ரியலின் முதல் நான்கு தனி ஆல்பங்களுக்கும் (1977, 1978, 1980, 1982) அவர் பெயர்தான் தலைப்பு. ஃபிளீட்வுட் மேக் 1968இலும் 1975இலும் தன் பெயரிலேயே ஆல்பம் வெளியிட்டது. முன்னது கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீன் காலத்து புளூஸ், பின்னது பாடகி ஸ்டீவி நிக்ஸ் குழுவுக்கு வந்த பிறகு. லெட் செப்பலினின் 1971 ஆல்பத்துக்குத் தலைப்பே கிடையாது. நான்கு, ஃபோர், நான்கு குறிகள், சோசோ என்று ஆளுக்கு ஒரு பெயரில் எழுதி அனுப்புவார்கள். எனவே பரிந்துரையில் ஆண்டு கட்டாயம், அதுவும் முதல் வெளியீட்டின் ஆண்டு. ஸ்ட்ரீமிங் செயலியில் தெரியும் ஆண்டு பல நேரம் ரீமாஸ்டர், அதாவது ஒலியைச் செப்பனிட்ட மறுபதிப்பு, வெளியான ஆண்டாக இருக்கும். 2011 என்று போட்டு ஒரு பிங்க் ஃபிளாய்ட் ஆல்பம் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

படி 3: பரிந்துரை வாங்குதல்

ஆளுக்கு 5 பரிந்துரை, ஒரு வார அவகாசம். பத்து கொடுத்தால் கடைசி ஐந்தும் கடமைக்கு நிரப்பியதாக இருக்கும். படிவத்தில் கேட்க வேண்டியவை: குழுவின் பெயர், ஆல்பம், ஆண்டு, கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு பாட்டு, 40–50 சொற்களில் காரணம்.

காரணம் எழுதுவதில் ஒரு வித்தை இருக்கிறது. "காலத்தால் அழியாத காவியம்" என்று எழுதினால் கேட்காதவரைக் கேட்க வைக்காது. பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' (1975) ஆல்பத்துக்கு இப்படி எழுதலாம்: "மொத்தம் ஐந்தே தடங்கள். ஏறத்தாழ 26 நிமிடப் பாடல் ஒன்றை இரண்டாக வெட்டி ஒரு பாதியைத் தொடக்கத்திலும் மறு பாதியை முடிவிலும் வைத்திருக்கிறார்கள். நடுவில் வரும் மூன்றில் ஒன்றைப் பாடியவர் குழுவில் இல்லாத ராய் ஹார்ப்பர். முதல் நான்கு நிமிடங்களில் கிட்டார் எப்போது உள்ளே வருகிறது என்று மட்டும் கவனியுங்கள்." காதுக்கு ஒரு வேலை கொடுத்தால் போதும், ஆள் கேட்டுவிடுவார்.

குறைந்தது இரண்டு பேர் முன்மொழிந்த ஆல்பமே பட்டியலுக்குப் போகும் என்று வைத்தால் நீளம் கட்டுக்குள் இருக்கும். ஒருவர் மட்டும் முன்மொழிந்தவற்றை இரண்டு நாள் எல்லோர் பார்வைக்கும் வையுங்கள். வேறு யாராவது வழிமொழிந்தால் உள்ளே. 30 ஆல்பம் அளவான எண்ணிக்கை. ஆல்பத்துக்குச் சராசரி 40 நிமிடம் என்றால் 20 மணி நேரம் கேட்க வேண்டும். அதற்கு நான்கு வாரம் தேவை.

படி 4: கேட்கும் காலம்

சுருக்கமாக மூன்று எச்சரிக்கை. பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைக்கவும், 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 'அபே ரோட்' இரண்டாம் பக்கம் போன்றவற்றில் பாட்டுக்குப் பாட்டு ஒட்டியே போகும், வரிசை கலைந்தால் ஆல்பமே போச்சு. ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைக்கவும். கூடுதல் பாட்டுகள் சேர்த்த டீலக்ஸ் பதிப்பு திறந்தால் மூல ஆல்பம் எத்தனையாவது தடத்தில் முடிகிறது என்பதைப் பட்டியலிலேயே குறித்துக் கொடுக்கவும். தி ஹூவின் 'லைவ் அட் லீட்ஸ்' 1970இல் 6 பாட்டு, 1995 சிடியில் 14. கூடுதல் பாட்டுகளுக்காக விழும் வாக்கு மூல ஆல்பத்துக்கான வாக்கு இல்லை.

படி 5: எந்த மதிப்பெண் முறை?

ஆளுக்குப் பத்து ஆல்பம், தரவரிசையோடு. முதலிடத்துக்கு 10, பத்தாமிடத்துக்கு 1 என்பது எல்லோரும் சட்டென்று பிடிக்கும் முறை. அதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 20 பேர் வாக்களிக்கிறார்கள். முதல் ஆல்பத்தை 4 பேர் முதலிடத்தில் வைக்கிறார்கள், மற்றவர்கள் தொடவே இல்லை: 40 புள்ளி. இரண்டாம் ஆல்பத்தை 3 பேர் ஐந்தாமிடத்திலும், 3 பேர் ஆறாமிடத்திலும், 3 பேர் ஏழாமிடத்திலும் வைக்கிறார்கள்: 18 + 15 + 12 = 45. யாருக்கும் உயிராக இல்லாத ஆல்பம் ஜெயித்துவிட்டது. இப்போது புள்ளிகளை 15, 12, 10, 8, 6, 5, 4, 3, 2, 1 என்று மாற்றுங்கள். முதல் ஆல்பத்துக்கு 60, இரண்டாவதற்கு அதே 45. ஒரே வாக்குச் சீட்டுகள், வேறு வெற்றியாளர்.

இரண்டுமே சரியான முறைகள்தான், கேள்விதான் வேறு. எல்லோருக்கும் ஓரளவு பிடித்தது எது என்று தெரிய வேண்டுமானால் முதல் முறை. வெறித்தனமாகப் பிடித்தது எது என்றால் இரண்டாவது. ரசிகர் வாக்கெடுப்புக்கு இரண்டாவதே பொருத்தம், கூடவே "மூன்று பேராவது குறிப்பிடாத ஆல்பம் இறுதிப் பட்டியலில் வராது" என்ற கட்டுப்பாடும் வேண்டும். தி வில்லேஜ் வாய்ஸ் இதழின் 'பாஸ் அண்ட் ஜாப்' விமர்சகர் வாக்கெடுப்பில் வேறொரு வழி இருந்தது: 100 புள்ளியைப் பத்து ஆல்பங்களுக்குப் பிரித்துத் தர வேண்டும், ஒன்றுக்கு அதிகபட்சம் 30, குறைந்தபட்சம் 5. அருமையான முறை, ஆனால் கூட்டிப் பார்த்தால் 97 வரும் சீட்டுகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

குறிப்பிட்டவர்கள் தந்த புள்ளியின் சராசரியை எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரே ஒருவர் முதலிடம் கொடுத்த ஆல்பம் சராசரியில் எல்லோரையும் முந்திவிடும்.

பெரிய குழுக்களின் வாக்கு சிதறுவது இன்னொரு சிக்கல். பிங்க் ஃபிளாய்ட் ரசிகர்கள் மூன்று நான்கு ஆல்பங்களுக்குப் பிரிந்துபோக, ஒரே ஒரு ஸ்டுடியோ ஆல்பத்தோடு நின்ற டெரெக் அண்ட் தி டாமினோஸ் மாதிரியான குழுவுக்கு எல்லா வாக்கும் ஒரே இடத்தில் விழும். "ஒரு குழுவுக்கு ஒரு ஆல்பம்தான்" என்று சீட்டில் விதி போட்டால் தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சிதறலை அதிகமாக்கும். 12 ஃபிளாய்ட் ரசிகர்கள் மூன்று ஆல்பங்களுக்கும் புள்ளி தந்திருக்க முடியும். இப்போது ஆளுக்கு ஒன்றைத்தான் தொட முடியும். மாற்று வழி: ஒரே குழுவின் ஆல்பங்கள் மூன்றுக்கு மேல் பரிந்துரையில் வந்தால் அவற்றுக்குள் முதலில் ஒரு சிறு சுற்று. மேலே வரும் இரண்டு மட்டும் பொதுப் போட்டிக்கு.

படி 6: படிவமும் எண்ணிக்கையும்

கூகுள் ஃபார்மில் கட்டம் வடிவக் கேள்வி அழகாகத் தெரியும். ஃபோனில் 30 வரிசை, 10 நெடுவரிசை என்றால் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்தித் தவறான கட்டத்தில் கை படும். பத்துத் தனித்தனி டிராப்டவுன் கேள்வி வையுங்கள். இதிலும் ஒரு குறை: ஒரே ஆல்பத்தை இரண்டு இடத்தில் தேர்ந்தெடுத்தாலும் ஃபார்ம் தடுக்காது. எண்ணும்போது நீங்கள்தான் பிடிக்க வேண்டும். ஆல்பத்தின் பெயரை டைப் செய்யும் வாய்ப்பை மட்டும் தரவே தராதீர்கள். லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் பெயரை இருபது பேர் பதினைந்து விதமாக எழுதுவார்கள். பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்தாலே ஸ்ப்ரெட்ஷீட் அதை வேறு ஆல்பமாக எண்ணும். ஒருவருக்கு ஒரு பதில் என்ற அமைப்பை இயக்கி, முடிவுச் சுருக்கம் தெரியும் அமைப்பை அணைத்துவிடுங்கள். நடப்பு நிலவரம் தெரிந்தால் பிடித்ததற்கு வாக்களிக்காமல் ஜெயிப்பதைத் தடுக்க வாக்களிப்பார்கள்.

ஷீட்டில் ஒரு வாக்குக்கு ஒரு வரிசை: வாக்களித்தவர், ஆல்பம், இடம், புள்ளி. 20 பேருக்கு 200 வரிசை வரும். வேறொரு ஷீட்டில் ஆல்பங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, சம்இஃப் (பொருந்துவதைக் கூட்டும் சூத்திரம்) கொண்டு புள்ளியையும் கவுண்ட்இஃப் (பொருந்துவதை எண்ணும் சூத்திரம்) கொண்டு எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்பதையும் எடுங்கள். முழுச் சீட்டு ஒன்றுக்கு 66 புள்ளி. 20 முழுச் சீட்டு என்றால் மொத்தம் 1,320 வர வேண்டும். ஆல்பங்களின் கூட்டுத்தொகை அதற்குக் குறைந்தால் எங்கோ ஒரு பெயர் பொருந்தவில்லை. ஆறு ஆல்பம் மட்டும் எழுதியவருக்கு 15, 12, 10, 8, 6, 5 கொடுத்து நிறுத்துங்கள். ஐந்துக்குக் குறைவான சீட்டை ஏற்காதீர்கள், ஒரே ஆல்பத்தைத் தூக்கிவிட நினைப்பவர்கள்தான் அப்படி அனுப்புவார்கள்.

புள்ளி சமமானால் அதிகம் பேர் குறிப்பிட்டது மேலே. அதுவும் சமம் என்றால் அதிக முதலிடம் பெற்றது. அப்போதும் சமம் என்றால் இரண்டுக்கும் ஒரே இடம், அடுத்த எண்ணை விட்டுவிடுங்கள்.

முடிவைக் கீழிருந்து மேலாக, நாளுக்கு ஐந்து ஆல்பமாக வெளியிடலாம். ஒவ்வொன்றுக்கும் புள்ளி, குறிப்பிட்டோர் எண்ணிக்கை, முதலிடங்கள், பரிந்துரைத்தவர் எழுதிய காரணம் நான்கும் இருக்கட்டும். மூன்று பேர் கட்டுப்பாட்டில் தங்கிப்போனவற்றைத் தனிப் பட்டியலாக அடியில் போடுங்கள். புதிதாக ஏதாவது கேட்க வருகிறவர்கள் முதல் பத்தைவிட அதைத்தான் அதிகம் புரட்டுவார்கள்.