கருப்புப் பூஞ்சை: கருப்பு தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்

கொரோனா இரண்டாம் அலையில், தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கும் வாளையாறு செக்போஸ்ட்டில் பாஸ் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த 2021 மே மாதத்தில், டிவியைப் போட்டால் கருப்புப் பூஞ்சைப் பேச்சுதான். தமிழ்நாடு அரசு அப்போது இதை, கண்டுபிடித்தால் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. அலை ஓய்ந்தது, பேச்சும் ஓய்ந்தது. நோய் ஓயவில்லை. டாக்டர்கள் மியூகார்மைகோசிஸ் என்று சொல்லும் இது கொரோனாவுக்கு முன்னாலும் நம் நாட்டில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. காரணம் நம் வீட்டுக்கு வீடு இருக்கும் சர்க்கரை நோய். அதனால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று எல்லையோரம் இருக்கிற நம் ஜனங்கள் வழக்கமாகச் செய்யும் சில தவறுகளைச் சொல்லிவிடலாம்.

முதலில் வெங்காயத்தை விடுங்கள். உரிக்கும்போது தோலில் தெரியும் கருப்புப் பொடி, ஃபிரிட்ஜ் கதவு ரப்பரில் படியும் கருப்பு இதெல்லாம்தான் அந்தப் பூஞ்சை என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதை இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு வகைப் பூஞ்சை. இந்த நோயைக் கொண்டுவரும் ரைசோபஸ் வகையறா பழைய பிரெட்டில் வெள்ளையாய்ப் பூத்துச் சாம்பல் நிறமாவது, மண்ணிலும் மக்கின எருவிலும் அழுகின இலைதழையிலும் எப்போதும் இருப்பது. அதன் வித்துக்களை நாம் எல்லோரும் மூச்சில் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கேட்கவே வேண்டாம். நல்ல உடம்பில் வெள்ளை அணுக்கள் அதை அங்கேயே முடித்துவிடும். ஆகவே வீட்டில் பூஞ்சையைத் தேடிக்கொண்டிருப்பதைவிட உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். கட்டுக்கு அடங்காத சர்க்கரை, சிறுநீரக மாற்று அறுவை, ரத்தப் புற்றுநோய், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை நீண்டநாள் சாப்பிடுவது இவற்றில் ஒன்று இருந்தால்தான் பெரும்பாலும் பயம். இன்னொன்று, இது ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. நோயாளிக்குத் தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பது அவர் மனதைப் புண்படுத்துவதைத் தவிர வேறு எதற்கும் உதவாது.

இனி, நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு. காய்ச்சலோ வாந்தியோ வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் உடனே வீட்டில் ஒருவர் சொல்வார், "சாப்பிடவே இல்லையே, அப்புறம் எதுக்கு ஊசி, சர்க்கரை இறங்கிடும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் காய்ச்சல் வந்தால், சாப்பிடாமல் இருந்தாலும் உடம்பு தானாகவே சர்க்கரையை ஏற்றும். அந்த நேரத்தில் இன்சுலினையும் அடியோடு நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேரும். ரத்தம் அமிலமானால் புரதத்தோடு கட்டுண்டு கிடக்கும் இரும்புச் சத்து அவிழ்ந்துகொள்ளும், இந்தப் பூஞ்சைக்கு அந்த இரும்புதான் தீனி. காவல் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களும் அதே நேரத்தில் மந்தமாகிவிடும். பூஞ்சைக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. எனவே காய்ச்சல் நாட்களில் இன்சுலின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டரிடம் போனிலாவது கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மீட்டரில் 250க்கு மேல் காட்டி, கூடவே வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு வாங்குவது இருந்தால் கீட்டோன் பரிசோதனைக்கு அன்றைக்கே போக வேண்டும். ராத்திரியானாலும் சரி.

அடுத்தது மெடிக்கல் கடையில் வாங்கும் மாத்திரை. மூட்டுவலி, வீசிங், அரிப்பு என்று போய் நின்றால் சின்ன மாத்திரை நாலு கொடுப்பார்கள், போட்டதும் தொல்லை சட்டென்று நிற்கும், அடுத்த வாரமும் அதையே வாங்குவோம். அதில் பிரட்னிசோலோனோ டெக்ஸாமெத்தசோனோ இருக்கலாம், இரண்டும் ஸ்டீராய்டுதான். மூட்டுவலிக்கு என்று லேபிள் இல்லாமல் விற்கும் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை, கொரோனாவில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காத்ததே டெக்ஸாமெத்தசோன்தான், அதுவும் ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் என்ற கணக்கில். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களும் அதை விழுங்கியதுதான் வினை. அது சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியை இறக்கும். பழைய சீட்டை வைத்துத் திரும்பத் திரும்ப வாங்காதீர்கள். அதே சமயம் மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்தவர் இதைப் படித்துவிட்டு நாளையே திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சரி, அறிகுறிக்கு வருவோம். பெரும்பாலும் இது மூக்கில் தொடங்கி, சைனஸ், கண், மூளை என்று மேலே ஏறும். ஏறும் வழியில் ரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைத்துவிடும். ரத்தம் போகாத இடம் செத்துக் கருக்கும். அதாவது கருப்பு தெரிகிறது என்றால் அங்கே சதை ஏற்கெனவே செத்துவிட்டது என்று பொருள். அதற்கு முன்னால் வருவது என்ன? முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி அல்லது வீக்கம், ஒரு பக்க மூக்கு அடைப்பு, கன்னத்தில் மரமரப்பு, மேல் பல் ஆட்டம், இமை தொங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது. ஒரு பக்கம் என்பதை மனதில் வையுங்கள், சாதாரணச் சளி இப்படிப் பக்கம் பார்த்து வருவது குறைவு.

இங்கேதான் நாட்கள் வீணாகின்றன. மேல் பல் வலிக்கிறது என்று பல் டாக்டரிடம் போய்ப் பல்லைப் பிடுங்குவார்கள், புண் ஆறாது. கண் வீங்கினால் மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து. மூக்கடைத்தால் ஆவி. கொதிக்கக் கொதிக்க ஆவி பிடிப்பதால் இந்தப் பூஞ்சை சாகாது, மூக்கின் உள்தோல் வெந்துபோவதுதான் மிச்சம். ரத்தப் புற்றுநோயாளிகளிடம் செய்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், சரியான மருந்து தொடங்க ஆறு நாளோ அதற்கு மேலோ தாமதமானவர்களிடம் இறப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. சிகிச்சை கொடுத்தும் பாதிப் பேர் வரை பலியாகும் நோய் இது. போகும் இடத்திலெல்லாம் "எனக்குச் சர்க்கரை இருக்கு" என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, எம்ஆர்ஐ ஸ்கேன், சதை எடுத்துப் பரிசோதனை மூன்றும் நடக்கிற இடத்துக்கு நேராகப் போங்கள். கோவையா திருச்சூரா என்று உட்கார்ந்து யோசிக்கிற நேரம் இது இல்லை, எது கிட்டத்தில் இருக்கிறதோ அது. எல்லை தாண்டிப் போவதானால் ஸ்கேன் படமும் டிஸ்சார்ஜ் சீட்டும் கையில் இருக்கட்டும், இல்லையென்றால் எல்லாம் முதலிலிருந்து எடுக்கச் சொல்வார்கள். காப்பீட்டு அட்டை அந்தப் பக்கம் செல்லுமா என்பதைச் சும்மா இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.

தோட்டக்காரர்களுக்கு ஒன்று. சர்க்கரையோ ஸ்டீராய்டோ உள்ளவர்கள் எருக் குழியைக் கிளறும் வேலையை வேறு யாரிடமாவது விடுவது உத்தமம், முடியாவிட்டால் மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை, காலில் பூட்ஸ். தென்னை மட்டை கிழித்த காயத்தில் மண் அப்பினால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், தோல் வழியாகவும் இது நுழையும்.

சிகிச்சை தொடங்கியபின் நடக்கும் தவறுகளும் உண்டு. படர்தாமரைக்குக் கொடுத்த ஃப்ளூகோனசோல் மிச்சம் இருக்கிறதே என்று போடுவது வீண், இந்தப் பூஞ்சை அதற்கு மசியாது, வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்துக்கும் மசியாது. லைப்போசோமல் ஆம்போடெரிசின் பி என்ற ஊசி மருந்துதான் முதல் ஆயுதம், கூடவே செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். அறுவை வேண்டாம், மருந்திலேயே பார்க்கலாம் என்று குடும்பம் பேரம் பேசுவது புரிந்துகொள்ளக்கூடியதுதான், ஆனால் ரத்தம் ஓடாத சதைக்குள் மருந்து எப்படிப் போகும்? அந்த ஊசி சிறுநீரகத்தைத் தாக்கலாம், பொட்டாசியத்தை இறக்கலாம், அதனால்தான் அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள், பணம் பிடுங்க இல்லை. வீட்டுக்கு வந்தபின் போசகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தொடரும். விலை கையைக் கடிக்கும்தான், முகம் சரியாகிவிட்டதே என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். அதைச் சாப்பாட்டோடு போட்டால் உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும்.