அடையாறு மாடலில் வெள்ளம் குறைவாகக் காட்டினால்

2015 டிசம்பர் மழையை, மழையிலிருந்து ஆற்று ஓட்டத்தைக் கணிக்கும் ஹெக்-ஹெச்எம்எஸ் மென்பொருளில் கொடுத்தும் உச்ச ஓட்டம் ஏறவில்லை. கோளாறு வளைவு எண்ணில், அதாவது மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணில். நவம்பர் மழையில் ஊறிக் கிடந்த மண்ணுக்குச் சராசரி ஈரத்துக்கான 75 எப்படிப் பொருந்தும்? மிகை ஈரநிலைக்கு மாற்றினால் அது 87. 100 மி.மீ. மழையில் வழிந்தோடுவது 41 மி.மீ.-யிலிருந்து ஏறத்தாழ 66-க்குப் போய்விடும்.

அடுத்து, அந்த ஓட்டத்தில் நீர்மட்டம் எவ்வளவு ஏறும், எங்கே பரவும் என்று கணக்கிடும் ஹெக்-ராஸ் மென்பொருள். 30 மீட்டர் செயற்கைக்கோள் உயரத்தரவு மரத்தலையையும் பாலத்தையும் தரை என்றே எடுத்துக்கொள்ளும். ஆற்றின் குறுக்கே இல்லாத அணை முளைத்து, மேல்பக்கம் வீணாகத் தேங்கும். தண்ணீருக்கு அடியிலுள்ள படுகையோ அதில் கிடையவே கிடையாது. பாலத்தைத் தரவிலிருந்து நீக்கி, நேரில் அளந்த குறுக்குவெட்டுகளைப் பதித்ததும் சரியானது. முகத்துவாரத்தில் 'சீரான ஆழம்' (படுகைச் சரிவை வைத்தே நீர்மட்டத்தைக் கணிக்கும் தேர்வு) வேண்டாம். கடலின் ஏற்றவற்ற மட்டத்தை மணிவாரியாகக் கொடுங்கள். மணல்திட்டு அடைத்திருந்தால் அங்கே படுகையையும் உயர்த்த வேண்டும்.